சிங்கப்பூரில் லாரி ஓட்ட வந்தவருக்கு: மேசையில் தாள் வரைபடம், வண்டியில் ஜிபிஎஸ்

சிங்கப்பூர் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டரும் வடக்கு தெற்காக ஏறத்தாழ 27 கிலோமீட்டரும் கொண்ட தீவு. சென்னைக்கும் மதுரைக்கும் இடையில் இரவோடு இரவாகச் சரக்கேற்றிப் பழகிய ஓட்டுநரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், இத்தனை சிறிய ஊருக்கு வரைபடம் எதற்கு என்றுதான் கேட்பார். வந்த புதிதில் நானும் அப்படித்தான் கேட்டேன். நெடுஞ்சாலையில் 400 கிலோமீட்டர் போக, வரிசையாக நான்கைந்து ஊர்ப் பெயர்கள் தெரிந்தால் போதும். இங்கேயோ 20 கிலோமீட்டருக்குள் மூன்று விரைவுச்சாலைகள் மாறி, ஒரு சுரங்கச்சாலைக்குள் புகுந்து, வெளியே வந்த கையோடு இரண்டு திருப்பங்களில் சரியான தடத்தைப் பிடித்து, ஒரே பெயரைச் சுமந்த ஏழெட்டுத் தெருக்களில் சரியான தெருவைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

வகுப்பு 4 உரிமம் பெற்று, 2,500 கிலோவுக்கு மேற்பட்ட வெற்றெடை கொண்ட லாரியை முதன்முதலாகக் கையில் எடுப்பவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கைபேசி இருக்கும்போது தாள் வரைபடம் வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் இது: தாள், புறப்படுவதற்கு முன் தீவை மனத்தில் பதிய வைத்துக்கொள்வதற்கு, கைபேசி, ஓடும்போது நெரிசலையும் அடுத்த திருப்பத்தையும் அறிவதற்கு. இரண்டுக்கும் உங்கள் லாரியின் உயரம் தெரியாது. ஆகவே சாலையில் நட்டிருக்கும் பலகை ஒன்று சொல்லி இவை வேறொன்று சொன்னால், பலகை சொல்வதையே கேட்க வேண்டும்.

முதலில் லாரியை அளந்துகொள்ளுங்கள்

வழி தேடும் வேலை வரைபடத்தில் தொடங்குவதில்லை, வண்டியில்தான் தொடங்குகிறது. கூகுள் மேப்ஸ், வேஸ் போன்ற செயலிகள் காரையும் மோட்டார் சைக்கிளையும் எண்ணிச் செய்யப்பட்டவை. லாரி என்று தெரிவுசெய்ய அவற்றில் இடமில்லை. உயரத்தையும் எடையையும் உள்ளிடக்கூடிய லாரிக்கான தனி ஜிபிஎஸ் கருவிகள் உலகச் சந்தையில் உண்டு என்றாலும், நான் பழகிய ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கைபேசியை வைத்தே காலம் தள்ளுகிறார்கள். ஆகவே அந்தச் செயலி கேட்காத கேள்விகளை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தரையிலிருந்து லாரியின் மிக உயர்ந்த புள்ளி வரை அளந்து பாருங்கள். கூண்டின் கூரையையோ தார்ப்பாயின் சட்டத்தையோ மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடாதீர்கள். லாரியில் கிரேன் பொருத்தியிருந்தால், அதை மடக்கி வைத்த நிலையில் அதன் கை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே உங்கள் உயரம். சரக்கேற்றிய பின் மறுபடியும் பார்க்க வேண்டும், ஏனெனில் இயந்திரம் ஒன்றை ஏற்றினால் உயரம் உங்கள் கையில் இல்லை. சிங்கப்பூரில் சாலையில் போகும் வாகனத்துக்கான பொது உயர வரம்பு 4.5 மீட்டர். அதைத் தாண்டினால் தனி அனுமதியும் துணைக் காவலும் வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் 4.5 மீட்டர் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பழைய பாலங்கள் சிலவற்றின் கீழும், கட்டடங்களின் நுழைவாயில்களிலும் அதைவிடக் குறைந்த உயரமே இருக்கும். சிவப்பு வட்டத்துக்குள் எழுதியிருக்கும் மீட்டர் கணக்குதான் அங்கே சட்டம்.

உயரம், நீளம், சரக்கோடு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, முன்கண்ணாடியை மறைக்காத இடத்தில் ஒட்டிவிடுங்கள். எடை விவரம் லாரியின் பக்கவாட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். எல்லாம் மனப்பாடமாயிற்றே, எழுதி ஒட்டுவானேன் என்று தோன்றலாம். ஒரே வாரத்தில் மூன்று லாரிகளை மாற்றி ஓட்டச் சொல்லும்போதுதான் அந்தத் தாளின் அருமை தெரியும்.

பத்து விரைவுச்சாலைகளைத் தாளில் வரையுங்கள்

அடுத்த வேலை உட்கார்ந்து செய்ய வேண்டியது. தீவு முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் பெரிய தாள் வரைபடம் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீட் டைரக்டரி என்று நாம் சொல்லும் சாலைக் கையேடு, கொஞ்சம் பழைய பதிப்பாக இருந்தாலும், இதற்குப் போதும். அதுவும் கிடைக்காவிட்டால், சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் தளத்திலிருந்து வேண்டிய பகுதியை அச்செடுத்துக்கொள்ளலாம். பிறகு ஒரு வெற்றுத்தாளில், பார்த்துப் பார்த்து, விரைவுச்சாலைகளை மட்டும் கோடுகளாக வரையுங்கள். பிஐஇ, ஏஒய்இ என்று கீழே வருபவை அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் சுருக்கங்கள்.

சாங்கிப் பக்கமிருந்து துவாஸ் வரை தீவின் குறுக்கே படுத்திருப்பது பிஐஇ. 42 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அதுவே எல்லாவற்றிலும் நீளமானது. தெற்கில் மேற்கு நோக்கித் துவாஸ் சோதனைச் சாவடி வரை போவது ஏஒய்இ. சாங்கி விமான நிலையத்திலிருந்து கடலோரமாக நகரை நோக்கி வருவது ஈசிபி. அந்த இரண்டையும் தெற்கில் இணைப்பது எம்சிஇ. நகரிலிருந்து வடக்கே ஏறுவது சிடிஇ. பிஐஇயிலிருந்து உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்குப் போவது பிகேஇ. மேற்கே பிஐஇயையும் பிகேஇயையும் இணைப்பது கேஜேஇ. வடக்கே பிகேஇயையும் சிடிஇயையும் இணைப்பது எஸ்எல்இ. அது முடியும் இடத்திலிருந்து கிழக்கே வளைந்து சாங்கிப் பக்கம் இறங்குவது டிபிஇ. டிபிஇயிலிருந்து தெற்கே, பெரும்பாலும் நிலத்துக்கு அடியிலேயே, எம்சிஇ நோக்கிப் போவது கேபிஇ. பத்தும் வரைந்தாயிற்று. பார்க்காமல் மூன்று முறை வரையும்வரை விடாதீர்கள்.

இந்தப் பள்ளிக்கூட வேலைக்குக் காரணம் இருக்கிறது. இங்குள்ள விரைவுச்சாலைப் பலகைகள், சாலையின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அது எந்த முனையை நோக்கிப் போகிறது என்பதைத்தான் காட்டும். பிஐஇ என்று எழுதிப் பக்கத்தில் துவாஸ் என்றிருந்தால் மேற்கு. சாங்கி விமான நிலையம் என்றிருந்தால் கிழக்கு. சிடிஇக்குப் பக்கத்தில் எஸ்எல்இ என்றிருந்தால் வடக்கே போகிறது. ஏஒய்இ என்றிருந்தால் தெற்கே போகிறது. எந்தச் சாலை எங்கே முடிகிறது என்பது மனத்தில் இல்லாதவருக்கு இந்தப் பலகை வெறும் எழுத்துக் கூட்டம். மனத்தில் இருப்பவர், கைபேசி வாய் திறப்பதற்கு முன்பே இடப்பக்கம் ஒதுங்கத் தொடங்கிவிடுவார். பத்து டன் சுமையோடு தடம் மாற எத்தனை மீட்டர் வேண்டும் என்பது ஓட்டுபவருக்குத்தான் தெரியும். காருக்கு நேரத்தோடு வரும் குரல், லாரிக்குப் பல நேரம் பிந்தியே வருகிறது.

முகவரியைப் படிப்பதும் ஒரு கலை

டெலிவரி ஆர்டரில் உள்ள முகவரியை அப்படியே கைபேசியில் தட்டெழுதாதீர்கள். முதலில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். 1995ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள இந்தக் குறியீடு, ஏறத்தாழ ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக அமைந்தது. முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைச் சொல்லும். தெருப் பெயரைத் தட்டெழுதினால் பத்து இடங்களைக் காட்டும் செயலி, குறியீட்டைத் தட்டெழுதினால் ஒரே கட்டடத்தைக் காட்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்குப் பொருள் கொண்டுபோகும்போது இன்னொரு வசதியும் உண்டு: பெரும்பாலான குறியீடுகளின் கடைசி மூன்று இலக்கங்கள் புளோக் எண்ணாகவே இருக்கும். அது ஒத்துவராவிட்டால் எழுதியவர் தவறியிருக்கலாம் என்று உடனே சந்தேகப்படலாம். தெம்பனிஸ் ஸ்திரீட் 21 என்றால் அங்குள்ள புளோக்குகள் 200களில் இருக்கும் என்பது போன்ற ஒழுங்கு பல வீவக நகர்ப்பகுதிகளில் உண்டு. தாள் வரைபடத்தில் பத்து நிமிடம் மேய்ந்தால் இந்த ஒழுங்கு தானாகவே கண்ணுக்குப் புலப்படும். கைபேசியின் சிறு திரையில் ஒரு நாளும் புலப்படாது.

தொழிற்பேட்டைகளில்தான் பெயர்கள் ஆளை அலைக்கழிக்கும். ஜூரோங் பக்கம் குல் ரோடு, குல் சர்க்கிள், குல் கிரெசென்ட், குல் டிரைவ், குல் லேன், குல் அவென்யூ, குல் வே என்று ஒரு குடும்பமே உண்டு. துவாஸ் அவென்யூ ஒன்று, துவாஸ் சவுத் அவென்யூ வேறொன்று, துவாஸ் வெஸ்ட் அவென்யூ மற்றொன்று. முதல் இரண்டின் பின்னாலும் எண்கள் வரிசையாக வரும். என் முதல் மாதத்தில், சரக்கு அனுப்பியவர் கொடுத்த தாளில் துவாஸ் அவென்யூ 3 என்றிருந்தது. போய்ச் சேர்ந்து, அந்த எண்ணில் அப்படியொரு நிறுவனமே இல்லை என்று கண்டு, தொலைபேசியில் கேட்டபோது, ‘அதுவா அண்ணே, அது சவுத்’ என்று சாதாரணமாகச் சொன்னார்கள். அந்த ஒரு சொல் விடுபட்டதற்காக நான் மறுபடியும் தெற்கே போக வேண்டியிருந்தது. பெறுபவரோ மதிய உணவுக்குக் கிளம்பிவிட்டார். கைபேசியின் மீது அன்று எந்தத் தவறும் இல்லை. கேட்ட இடத்துக்குத்தான் அது கொண்டுபோய் விட்டது. முந்தைய இரவே குறியீட்டையும் தெருவையும் வரைபடத்தில் ஒத்துப் பார்த்திருந்தால், இரண்டும் இரு வேறு இடங்களைக் காட்டுவது தெரிந்திருக்கும்.

மலாய்ப் பெயர்களுக்கும் பொருள் தெரிந்துகொள்வது உதவும். ஜாலான் என்றால் சாலை, லோரோங் என்றால் சந்து, புக்கிட் என்றால் குன்று, சுங்கை என்றால் ஆறு. கேலாங்கின் லோரோங்குகளில் ஒற்றைப்படை எண்கள் பெருஞ்சாலையின் ஒரு புறமும் இரட்டைப்படை எண்கள் மறுபுறமும் அமைந்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டவர் எந்தப் பக்கம் திரும்புவது என்று தடுமாற மாட்டார்.

வழிச்சீட்டு எழுதுங்கள்

தாள் வரைபடத்தை ஓட்டிக்கொண்டே பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அதிலிருந்து நீங்கள் எடுத்து எழுதும் சிறு சீட்டுதான் வண்டிக்குள் வர வேண்டும். ஒரு பயணத்துக்கு ஐந்து வரிகளுக்கு மேல் எழுதாதீர்கள். உட்லண்ட்ஸிலிருந்து துவாஸுக்குப் போவதாக வைத்துக்கொண்டால், முதல் வரியில் பிகேஇ, பிஐஇ நோக்கி. இரண்டாம் வரியில் கேஜேஇ. மூன்றாம் வரியில் பிஐஇ, துவாஸ் நோக்கி. நான்காம் வரியில் வெளியேறும் வழியின் எண்ணும் பெயரும், அதற்குப் பின் வரும் திருப்பங்களும். ஐந்தாம் வரியில் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் பெறுபவரின் தொலைபேசி எண்ணும். இவ்வளவுதான். முடிந்தால், நீங்கள் இறங்க வேண்டிய வழிக்கு முந்தைய வழியின் பெயரையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் பலகையில் தெரிந்ததும் இடத்தடத்தில் இருக்கிறோமா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

சோதனைச் சாவடிகளுக்குப் பக்கத்தில் வேலை இருந்தால் இந்தக் குறிப்பு இன்னும் முக்கியம். பிகேஇயிலும் ஏஒய்இயிலும் எல்லைக்கு முன் வரும் கடைசி வெளியேறும் வழியைத் தவறவிட்டால், நீங்கள் நிற்பது மலேசியா செல்லும் வரிசையில்தான். அதிலிருந்து திரும்பி வருவது ஒரு காலைப் பொழுதையே தின்றுவிடும்.

எரிபொருள், வேதிப்பொருள் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றுபவருக்கு வழி தேடும் உரிமையே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை அனுமதித்த வழிகளில்தான் போக வேண்டும். சுரங்கச்சாலைகளுக்குள் நுழையக் கூடாது. கைபேசி ‘பத்து நிமிடம் மிச்சம்’ என்று ஆசை காட்டும் வழி உங்களுக்கு உரியதன்று.

கைபேசியை எப்படி வைத்துக்கொள்வது

இயந்திரத்தை முடுக்குவதற்கு முன்பே இலக்கைப் பதிவுசெய்து, கைபேசியை ஹோல்டரில் பொருத்தி, குரலை உரக்க வைத்துவிடுங்கள். 2015 பிப்ரவரி முதல், ஓடும் வாகனத்தில் கைபேசியையோ கைக்கணினியையோ கையில் பிடித்துக்கொண்டு அதை இயக்குவது குற்றம். பேசுவது மட்டுமன்று, வரைபடத்தைத் தள்ளிப் பார்ப்பதும் அதில் அடங்கும். முதல் முறை பிடிபட்டாலே 1,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். வழி மாற்ற வேண்டுமென்றால் பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடத்தில் நிறுத்தி மாற்றுங்கள். விரைவுச்சாலையின் ஓரம் அப்படிப்பட்ட இடமன்று.

தமிழ்க் குரலைத் தெரிவுசெய்தால் ஊர்ப்பெயர்களை அது உச்சரிக்கும் விதம் சிரிப்பை வரவழைக்கும். சிரித்து முடிப்பதற்குள் திருப்பம் போய்விடும். பலகையில் உள்ள பெயரும் காதில் விழும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக நான் ஆங்கிலக் குரலையே வைத்துக்கொள்கிறேன். தீவு முழுவதற்குமான வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் அறுந்தாலும் வழி அறுவதில்லை. நெரிசல் விவரம் மட்டும் கிடைக்காது.

செயலி காட்டும் நேரத்தை அப்படியே நம்பிப் பெறுபவரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். விரைவுச்சாலையில் காருக்கு 80, 90 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்டிருக்கலாம். அதிகபட்ச எடை 3,500 கிலோவைத் தாண்டிய லாரிக்கு வரம்பு 60தான். கார் 90 கிலோமீட்டர் வேகத்தில் 30 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் கடந்தால், உங்களுக்கு 30 நிமிடம் ஆகும். ஆகவே விரைவுச்சாலையில் செல்லும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொண்டு சொல்லுங்கள். ‘வலப்பக்கத் தடத்தில் செல்லவும்’ என்று அது சொல்லும்போதும், கனரக வாகனம் இடப்பக்கமே ஓட வேண்டும் என்ற விதி உங்களுக்கு உண்டு என்பதை அது அறியாது. மின்னியல் சாலைக் கட்டணமும் காருக்கு ஒரு மாதிரி, கனரகச் சரக்கு வாகனத்துக்கு ஒன்றரை மடங்கு, மிகக் கனரக வாகனத்துக்கு இரண்டு மடங்கு என்று மாறுகிறது. செயலி ‘விரைவான வழி’ என்று காட்டுவது முதலாளிக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்பதை ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். வார நாள்களில் காலை 7.30 முதல் 9.30 வரையிலும் மாலை 5 முதல் 8 வரையிலும் மஞ்சள் கோடிட்ட பேருந்துத் தடத்தில் ஓடக் கூடாது என்பதையும் அது நினைவூட்டாது.

‘யூ-டர்ன் எடுக்கவும்’ என்ற கட்டளை வந்தால் இரட்டை எச்சரிக்கையோடு இருங்கள். சிங்கப்பூரில் அனுமதிப் பலகை உள்ள இடத்தில் மட்டுமே வாகனத்தைத் திருப்பலாம். அனுமதி இருந்தாலும், கார் திரும்பும் இடத்தில் நீளமான லாரி ஒரே வீச்சில் திரும்பும் என்று சொல்ல முடியாது. அடுத்த சந்திப்பு வரை போய், அடுத்தடுத்த தெருக்களில் திரும்பிச் சுற்றி வாருங்கள்.

சுரங்கமும் அடுக்குச் சாலையும்

கைபேசி நம்மைக் கைவிடும் இரண்டு இடங்களைத் தனியே சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் கருவி தன் இருப்பிடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வேண்டும். வானம் தெரியாத இடத்தில் அது வந்து சேராது. 12 கிலோமீட்டர் நீளமுள்ள கேபிஇயில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் சுரங்கம். 2013 டிசம்பரில் திறக்கப்பட்ட எம்சிஇயின் 5 கிலோமீட்டரில் 3.6 கிலோமீட்டர் சுரங்கம். அதில் 420 மீட்டர் கடலுக்கு அடியில் போகிறது. சிடிஇயிலும் நகருக்கு அடியில் சுரங்கப் பகுதி உண்டு. உள்ளே நுழைந்தபின், ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பும் கைபேசி, கடைசியாகத் தெரிந்த வேகத்தையும் தன் உள் உணரிகளையும் வைத்து உத்தேசமாகவே புள்ளியை நகர்த்துகிறது. வெறும் சுரங்கமென்றால் பாதகமில்லை. இந்தச் சுரங்கங்களுக்குள்ளேயே வெளியேறும் வழிகள் பிரிகின்றன என்பதுதான் சங்கடம்.

ஒருமுறை டிபிஇயிலிருந்து கேபிஇக்குள் இறங்கி, பிஐஇக்குப் பிரிய வேண்டிய இடத்தில், திரையில் என் புள்ளி நான் உண்மையில் இருந்த இடத்துக்கு வெகு பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. குரல் வரும் என்று காத்திருந்தேன். குரல் வந்தபோது வழி போயே போய்விட்டது. கேபிஇ தானாகவே எம்சிஇயோடு சேர்ந்துவிட, கடலுக்கு அடியில் போய், ஏஒய்இயில் கெப்பல் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்தேன். தலைக்கு மேல் பலகைகள் வரிசையாகத் தெளிவாகத்தான் இருந்தன. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து சுரங்கத்துக்குள் நுழைவதற்கு முன் வழிச்சீட்டில் ஒரு கண் ஓட்டிவிட்டு, உள்ளே பலகையை மட்டுமே பார்ப்பது என்று பழகிக்கொண்டேன்.

வழி தவறினால் தவறியதுதான். பின்னோக்கி ஓட்டுவதும், பிரிவுக் கோடுகளைக் கடைசி நொடியில் வெட்டிக் கடப்பதும் உயிருக்கு உலை வைக்கும் வேலை. தீவு சிறியது என்று முதலில் சொன்னேன் அல்லவா, அந்தச் சிறுமை இங்கே நமக்குச் சாதகம்: அடுத்த வழி சில நிமிடங்களில் வந்துவிடும்.

இரண்டாவது சங்கடம் அடுக்குச் சாலை. ஜிபிஎஸ், இருப்பிடத்தைச் சொல்லும் அளவுக்கு உயரத்தைத் துல்லியமாகச் சொல்லாது. கெப்பல் ரோட்டுக்கு மேலே மேம்பாலச் சாலை ஓடுகிறது. துவாஸ் மேற்கில் கீழே ஒரு சாலை, அதற்கு மேல் மேம்பாலச் சாலை, அதற்கும் மேல் எம்ஆர்டி ரயில் பாதை. நீங்கள் கீழே போய்க்கொண்டிருக்க, மேலே போவதாகக் கைபேசி நினைத்தால், இல்லாத வழியில் இறங்கச் சொல்லும். இருக்கும் சந்திப்பைச் சொல்லாமல் விட்டுவிடும். ஏறுவதா கீழேயே போவதா என்பதை வழிச்சீட்டில் ‘மேலே’, ‘கீழே’ என்று ஒரு சொல்லால் எழுதி வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்தது. ஷென்டன் வே போன்ற உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி, புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுவதுண்டு. அங்கே ஒருவழிச் சாலைகள் மிகுதி என்பதால் பலகைகளைக் கவனித்தே திரும்ப வேண்டும்.

வாசலை அடைவது

செயலி ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று அறிவிக்கும் இடம் கட்டடத்தின் நடுப்புள்ளி அல்லது முன்வாசல். உங்களுக்கு வேண்டியது சரக்கை ஏற்றி இறக்கும் இடமான லோடிங் பே. அது பெரும்பாலும் பின்புறத் தெருவில் இருக்கும். சில கட்டடங்களில் லாரி நுழையும் வாயிலும் வெளியேறும் வாயிலும் இரு வேறு தெருக்களில் அமைந்திருக்கும். முந்தைய இரவில் கைபேசியின் தெருக் காட்சியில் அந்தக் கட்டடத்தைச் சுற்றி வந்து பார்த்துவிடுங்கள். செயலியை நான் மனமாரப் பாராட்டுவது இந்த ஒரு வசதிக்காகத்தான், தாள் வரைபடத்தால் இதைத் தரவே முடியாது. பிறகு பெறுபவரைத் தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: லாரி எந்தத் தெருவிலிருந்து நுழைய வேண்டும், நுழைவாயிலின் உயரம் எவ்வளவு, எத்தனை மணி வரை சரக்கை இறக்கலாம். காக்கி புக்கிட், ஊபி போன்ற இடங்களின் அடுக்குத் தொழிற்கூடங்களில், லாரியே மாடிக்கு ஏறும் சாய்தளம் உண்டா, மின்தூக்கி மட்டும்தானா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வீவக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்களில் உயரம் இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டியதாக இருக்கும். அங்கே நுழைவுக் கட்டைக்கு அருகிலேயே போகாதீர்கள்.

சந்தேகம் வந்தால், சட்டப்படி நிறுத்தக்கூடிய இடத்தில் லாரியை நிறுத்தி, இறங்கி நடந்து போய்ப் பாருங்கள், அல்லது காவலரிடம் கேளுங்கள். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். இங்கே லோடிங் பேக்காவது போய்விடலாம். வாயிற்காவலர்களில் வயதானவர்கள் அந்தப் பேட்டையின் ஒவ்வொரு சந்துபொந்தையும் அறிந்திருப்பார்கள். ஜூரோங் தீவு போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது என்பதால், எந்த வழியைத் தேடுவதற்கும் முன் அந்தச் சீட்டு கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாள் பழசாகிவிடும்போது

தாளுக்கும் குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அச்சேறிய நாளில் இருந்த சாலைதான் அதில் இருக்கும். தெங்கா, பொங்கோல், துவாஸ் தெற்கு போன்ற இடங்களில் புதுச் சாலைகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. வடக்கு–தெற்கு இணைப்புச் சாலைக்கான கட்டுமானத்தால் பல இடங்களில் தடங்கள் இடம் மாறியிருக்கின்றன. விபத்தும் நெரிசலும் தாளில் தெரியா. விரைவுச்சாலையின் மேலே ஒளிரும் ஈமாஸ் (விரைவுச்சாலைக் கண்காணிப்பு, அறிவிப்பு முறை) பலகைகளும் செயலியின் சிவப்புக் கோடுகளும் அவற்றைச் சொல்லும். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை ஊர்வல வழியில் சாலைகளும் தடங்களும் மூடப்படும். ஃபார்முலா ஒன் பந்தய நாள்களில் மரினா பே சுற்றுவட்டாரமும் அப்படித்தான். இவற்றுக்கான அறிவிப்பு முன்கூட்டியே வரும். அதைப் பார்த்து, அந்த வாரத்து வழிச்சீட்டில் சிவப்பு மையால் குறித்துவிடுங்கள்.

வண்டி பழுதாகி விரைவுச்சாலையில் நின்றுவிட்டால், உதவிக்கு அழைக்கும்போது இடத்தை எப்படிச் சொல்வீர்கள்? விளக்குக் கம்பங்களில் எண் எழுதியிருக்கும். எந்த விரைவுச்சாலை, எந்த முனையை நோக்கி, எத்தனையாவது கம்பம் என்று மூன்றையும் சொன்னால் உதவிக்கு வருபவர் நேரே வந்துவிடுவார். கைபேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டாலும், யாரிடமாவது கைபேசி வாங்கிப் பேச இந்தத் தகவல் போதும்.

கடைசியாக ஒரு குறிப்பேடு. முதல் ஆறு மாதங்களுக்கு, போய்வந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: தேதி, அஞ்சல் குறியீடு, லாரி நுழையும் தெரு, கண்ணால் பார்த்த உயரப் பலகையின் எண், எந்தப் பக்கமாகப் பின்னோக்கி நுழைந்தீர்கள், கைபேசி எங்கே தவறாகச் சொன்னது. என்னுடைய பழைய குறிப்பேட்டில் சுங்கை காடுட் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘இரண்டாவது வாயில். முதல் வாயிலில் கார் மட்டும். மழையில் பள்ளம் தெரியாது, இடப்பக்கம் ஒதுங்கு.’